குழந்தைகளுக்கு கடுமையான ரத்தசோகை: வசதி கம்மியான ஆஸ்பத்திரியில என்ன பண்றது? அடிக்கடி கேக்கற கேள்விகள்

வார்டுல புதுசா சேர்ந்த டாக்டர்கள், நர்ஸுங்க, குழந்தைய அட்மிட் பண்ணிட்டு பக்கத்துல உக்காந்திருக்கற அம்மா அப்பா, இவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்கறத ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. இதுல வர்ற பெரிய ஆராய்ச்சிகள்ல பெரும்பாலானது ஆப்பிரிக்காவுல நடந்தது, ஏன்னா இந்த பிரச்சினையோட முழு பாரமும் அங்கதான் விழுது. இத படிச்சிட்டு வீட்லயே வைத்தியம் பாக்க முடியாது, அது மட்டும் தெளிவா இருக்கட்டும்.

கேள்வி: எவ்ளோ கம்மியா இருந்தா "கடுமையான" ரத்தசோகைன்னு சொல்றோம்?

அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற பொருள்) டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 7 கிராமுக்கு கீழ போனா கடுமையானதுன்னு உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துது. ஆனா ரத்தம் ஏத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்ற இடம் அதுக்கும் கீழ இருக்கு. 6ங்கறது ஒரு கோடு, 4ங்கறது இன்னொரு கோடு. 6-க்கு கீழ போயிட்டா குழந்தைய ஆஸ்பத்திரியில வச்சு பாக்கணும், 4-க்கு கீழ போயிட்டா பாக்க எப்படி இருந்தாலும் ரத்தம் ஏத்தணும். மலேரியா வழிகாட்டிய எடுத்துப் பாத்தா நோய் அதிகமா பரவற இடத்துல 5னு போட்டிருக்கும், குழந்தைகள் வார்டு கையேடுல 4னு இருக்கும், அத பாத்துட்டு நிறைய பேர் குழம்பறாங்க. ரெண்டுமே நம்பர மட்டும் பாருன்னு சொல்லல, நம்பரோட சேத்து குழந்தையவும் பாருன்னுதான் சொல்லுது.

கேள்வி: எங்க ஆஸ்பத்திரியில ராத்திரி லேப் கிடையாது. கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். உள்ளங்கைய உங்க உள்ளங்கையோட பக்கத்துல வச்சு பாருங்க, கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாருங்க, நாக்கு, உதடு பாருங்க. ரொம்ப வெளுத்து பேப்பர் மாதிரி இருந்தா கடுமையானதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா 6-க்கும் 4-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த கண்ணு சொல்லாது, அனுபவம் இருக்கறவங்களுக்கும் சொல்லாது. அதனால பேட்டரியில ஓடற கையடக்க ஹீமோகுளோபின் மீட்டர் ஒண்ணு வார்டுலயே இருக்கறது நான் கேக்கற முதல் விஷயம். ஒரு சொட்டு ரத்தம் போதும், ஒரு நிமிஷத்துல நம்பர் வந்துரும். ஸ்கேனர், வென்டிலேட்டர்னு கேக்கறதுக்கு முன்னாடி இதையும் அதோட கியூவெட் (ரத்தச் சொட்ட வாங்கி மெஷின்ல வைக்கற சின்ன தட்டு) ஸ்டாக் தீராம வர்றதையும் கேளுங்க, ஏன்னா மெஷின் இருந்தும் கியூவெட் இல்லாம அலமாரியில தூங்கறதுதான் அதிகம் நடக்குது.

கேள்வி: இவ்ளோ தூரம் ரத்தம் குறையறதுக்கு சத்துக் குறைவுதான காரணம்? இரும்புச்சத்து டானிக் குடுத்தா போதாதா?

இந்த எண்ணம்தான் ரொம்ப பேருக்கு இருக்கு. லேசான, நடுத்தரமான ரத்தசோகைக்கு இரும்புச்சத்து குறைவு பெரிய காரணம், சரிதான். ஆனா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடி வர்ற அளவுக்கு விழுந்த குழந்தைங்க கதை வேற.

மலாவியில பிளான்டைர், சிக்வாவா ரெண்டு ஊர்லயும் ஹீமோகுளோபின் 5-க்கு கீழ இருந்த 381 சின்ன குழந்தைகள எடுத்து, கடுமையான ரத்தசோகை இல்லாத குழந்தைகளோட ஒப்பிட்டு பாத்தாங்க, 2008-ல வெளிவந்தது. அதுல முன்னாடி வந்து நின்னது ரத்தத்துல பாக்டீரியா கிருமி, மலேரியா, கொக்கிப்புழு, எச்ஐவி, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணு சுலபமா உடையற பரம்பரைக் குறை), வைட்டமின் ஏ குறைவு, பி12 குறைவு. இரும்புச்சத்து குறைவும் ஃபோலேட் குறைவும் முக்கிய காரணமா வரல. அதும் ஒரே குழந்தைக்கு ரெண்டு மூணு காரணம் சேந்து இருந்தது.

அப்போ வார்டுல என்ன அர்த்தம்னா, "மலேரியா பாசிட்டிவ், மருந்து குடுத்தாச்சு, முடிஞ்சது"ன்னு நிறுத்தக் கூடாது. மலேரியா இருக்கற குழந்தைக்கு ரத்தத்துல சால்மொனெல்லா மாதிரி கிருமியும் சேந்து இருக்கலாம், கல்ச்சர் (ரத்தத்துல இருக்கற கிருமிய லேப்ல வளத்துப் பாக்கறது) வசதி இல்லாத இடத்துல அது தெரியவே தெரியாது, அதனாலதான் கடுமையான மலேரியான்னு சந்தேகப்படற குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக்கும் சேத்து ஆரம்பிக்க சொல்றாங்க. எச்ஐவி டெஸ்ட் பண்ணுங்க. மல டெஸ்ட் பண்ண முடியலன்னா ஒரு வயசுக்கு மேல இருக்கற குழந்தைக்கு பூச்சி மருந்து குடுத்துருங்க. ஒண்ணுக்கு கறுப்பா, கோலா கலர்ல போகுதான்னு கேளுங்க, அது ரத்த அணு வேகமா உடையறதோட அடையாளம். குடும்பத்துல வேற குழந்தைக்கு இதே மாதிரி அடிக்கடி ரத்தம் ஏத்தியிருக்காங்களான்னு கேளுங்க, சிக்கிள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை நோய்) பாதி நேரம் இந்தக் கேள்வியிலதான் வெளிய வரும்.

கேள்வி: 6-க்கு கீழ இருந்தா எல்லாருக்கும் உடனே ரத்தம் ஏத்தணுமா?

வருஷக்கணக்கா இதுக்கு நல்ல பதில் இல்லாம இருந்தது. ஒரு பக்கம் உலக சுகாதார நிறுவனம் "4-க்கு கீழ எல்லாருக்கும், 4-லருந்து 6 வரைக்கும் ஆபத்து அறிகுறி இருந்தா மட்டும்"னு சொல்லிட்டிருந்தது, ரத்தம் பத்தாது, எச்ஐவி பரவும்ங்கற பயம் ரெண்டும் சேந்து வந்த விதி அது. இன்னொரு பக்கம் குழந்தைய கண்ணு முன்னாடி பாக்கற டாக்டருக்கு கை சும்மா இருக்காது, ஏத்திருவாரு.

இத நேரா சோதிச்சு பாத்தது டிராக்ட்ங்கற ஆய்வு. உகாண்டாவுல மூணு, மலாவியில ஒண்ணு, மொத்தம் நாலு ஆஸ்பத்திரி, 2019-ல முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 4-லருந்து 6 வரைக்கும் இருந்து, மூச்சுத் திணறலோ நினைவு மங்கலோ இல்லாத 1565 குழந்தைகள ரெண்டா பிரிச்சாங்க. பாதி பேருக்கு உடனே ரத்தம். மிச்சம் பேருக்கு உடனே இல்ல, ஆனா 4-க்கு கீழ இறங்கினாலோ புதுசா ஆபத்து அறிகுறி வந்தாலோ ஏத்திருவாங்க. 28 நாள்ல உடனே ஏத்தினவங்கள்ல 7 பேர், காத்திருந்தவங்கள்ல 13 பேர் இறந்தாங்க. ஆறு மாசத்துல 35 பேரும் 47 பேரும். கணக்குப்படி இது உறுதியா சொல்லக்கூடிய வித்தியாசம் இல்ல. அதனால "உடனே ஏத்தலன்னா செத்துருவாங்க"ங்கறது இந்த குழந்தைகளுக்கு பொருந்தாது.

ஆனா இதோட அடுத்த வரிய யாரும் படிக்கறதில்ல, அதான் எனக்கு வருத்தம். காத்திருந்தவங்கள்ல 49 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட பாதி பேருக்கு, கடைசியில ரத்தம் ஏத்த வேண்டி வந்தது. உடனே ஏத்தினவங்க ஏறக்குறைய ஒரு நாள் முன்னாடியே வீட்டுக்கும் போனாங்க. அப்போ ஆய்வு சொல்றது "ஏத்தாத"ன்னு இல்ல, "கவனமா பாத்துட்டே இருந்தா காத்திருக்கலாம்"னு. அந்த ஆய்வுல குழந்தைகள விடாம திரும்பத் திரும்ப பாத்தாங்க, ஹீமோகுளோபின திரும்பத் திரும்ப எடுத்தாங்க, தேவைன்னா ரத்தம் தயாரா இருந்தது. ராத்திரி 60 குழந்தைக்கு ஒரு நர்ஸ் இருக்கற வார்டுல "வெயிட் பண்ணலாம்"னு கேஸ் ஷீட்ல எழுதிட்டு போறது அதே வைத்தியம் ஆகாது. அங்க திரும்ப பாக்க ஆள் இல்லன்னா, ரத்தம் கைல இருந்தா, நான் ஏத்தறதுக்குத்தான் சொல்வேன்.

கேள்வி: அப்போ காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணா என்னென்ன பண்ணணும்?

குரூப்பிங்குக்கும் கிராஸ் மேட்சுக்கும் (ஏத்தப் போற ரத்தம் குழந்தைக்கு ஒத்துப்போகுமான்னு பாக்கற டெஸ்ட்) சாம்பிள அப்பவே அனுப்பிருங்க, நிலைமை மோசமானப்புறம் அனுப்பினா ரெண்டு மூணு மணி நேரம் அதுலயே போயிரும். முதல் 24 மணி நேரத்துல எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஹீமோகுளோபின், மறுநாளும் பாருங்க. நடுவுல மூச்சு, பல்ஸ், நினைவு, பால் குடிக்கறது. மலேரியா இருக்கற குழந்தைக்கு மருந்து போட்ட முதல் ரெண்டு நாள்ல ஹீமோகுளோபின் இன்னும் இறங்கும், கிருமி இருக்கற அணு எல்லாம் அந்த நேரத்துலதான் உடையும், அதனால அட்மிஷன்ல 4.6 இருந்தா "4-க்கு மேல இருக்கு"ன்னு நிம்மதியா தூங்காதீங்க.

அம்மாகிட்ட சொல்லிக் குடுங்க: மூச்சு ஆழமா இழுத்து விட்டா, கூப்பிட்டா கண்ணத் திறக்கலன்னா, பால் குடிக்கறத நிறுத்திட்டா, ஒண்ணுக்கு கறுப்பா போனா, எந்த நேரமா இருந்தாலும் வந்து எழுப்புங்கன்னு. அம்மாவ விட யாரும் அந்த குழந்தைய அவ்ளோ நேரம் பாக்கப் போறதில்ல. அவங்க வந்து சொல்றப்ப "போய் உக்காருங்கம்மா"ன்னு அனுப்பிட்டா அவங்க ரெண்டாவது தடவ வர மாட்டாங்க.

கேள்வி: காத்திருக்கவே கூடாதவங்க யாரு?

4-க்கு கீழ இருக்கறவங்க. 6-க்கு கீழ இருந்து மூச்சு ஆழமா வேகமா இழுக்கறவங்க, நினைவு மங்கினவங்க, உக்கார முடியாம துவண்டு கிடக்கறவங்க, ஷாக்ல இருக்கறவங்க, இதயம் திணறறவங்க, ரத்தத்துல மலேரியா கிருமி 10 சதவீதத்துக்கு மேல இருக்கறவங்க. ரத்தம் இன்னும் வெளிய போயிட்டே இருந்தாலோ, கறுப்பு ஒண்ணுக்கு போயிட்டிருந்தாலோ நம்பர் எவ்ளோ இருந்தாலும் இன்னும் இறங்கப் போகுதுன்னு வச்சுக்கணும். கென்யாவுல 1992-லயே வெளியான ஆய்வு காட்டினது இதான்: மூச்சுத் திணறலோட வந்த குழந்தைக்கு சேந்த அன்னைக்கோ மறுநாளோ ரத்தம் கிடைச்சாதான் பலன், தாமதமானா பலன் இல்ல. இந்த குழந்தைங்க சாகறது முதல் சில மணி நேரத்துல. எங்க நேரம் போகுதுன்னு ஒரு நாள் பேப்பர்ல எழுதி பாருங்க, டாக்டர் எழுதினது, சாம்பிள் எடுத்தது, ப்ளட் பேங்குக்கு போனது, பை வார்டுக்கு வந்தது, ஊசி ஏறினது. பெரும்பாலும் சாம்பிள எடுத்துட்டுப் போக ஆள் இல்லாததுலதான் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

கேள்வி: எவ்ளோ ரத்தம் ஏத்தணும்? 20 மில்லியா 30 மில்லியா?

வழக்கமா சொல்ற அளவு கிலோவுக்கு 20 மில்லி முழு ரத்தம், இல்லன்னா 10 மில்லி பேக்டு செல் (பிளாஸ்மாவ பிரிச்சு எடுத்த கெட்டியான சிவப்பணு). டிராக்ட் ஆய்வோட இன்னொரு பகுதியில 3196 குழந்தைங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு 20, மறுபாதிக்கு 30 (பேக்டு செல்லா இருந்தா 10, 15) குடுத்து பாத்தாங்க. மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல, 28 நாள்ல இறந்தவங்க 20 வாங்கினவங்கள்ல 4.5 சதவீதம், 30 வாங்கினவங்கள்ல 3.4 சதவீதம்.

ஆனா காய்ச்சல் இருக்கா இல்லையான்னு பிரிச்சா படம் தலைகீழா மாறுது. ரத்தம் ஏத்த முடிவு பண்ற நேரத்துல 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல் இல்லாத குழந்தைங்கள்ல 30 மில்லி வாங்கினவங்க சாவு பாதிக்கும் கீழ குறைஞ்சது. காய்ச்சல் இருந்தவங்கள்ல 30 மில்லி வாங்கினவங்க சாவு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆச்சு. ஏன்னு முழுசா விளக்கம் வரல. ஆனா வார்டுல இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல, ஒரு தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் இருந்தா 20-ல நில்லுங்க, காய்ச்சல் இல்லாம ரொம்ப கம்மியா இருந்தா 30 யோசிக்கலாம். உங்க ஆஸ்பத்திரி நெறிமுறை என்ன சொல்லுதுன்னு மூத்தவங்ககிட்ட பேசி முடிவு பண்ணுங்க, தனியா நின்னு மாத்தாதீங்க.

கணக்கு எளிசு. 10 கிலோ குழந்தை, 20 மில்லி வீதம் 200 மில்லி முழு ரத்தம். நாலு மணி நேரத்துல ஏத்தணும்னா மணிக்கு 50 மில்லி. ரத்தம் ஏத்தற குழாய் செட் மில்லிக்கு 20 சொட்டு விழற செட்டா இருந்தா நிமிஷத்துக்கு 17 சொட்டு. செட் கவர்ல மில்லிக்கு எத்தன சொட்டுன்னு போட்டிருக்கும், அத பாக்காம கணக்கு போடாதீங்க. எடை மெஷின்ல எடை பாருங்க, கண்ணால மதிப்பு போட்டா இந்த அளவுல தப்பு பெருசா வரும்.

கேள்வி: இதயம் தாங்காதுன்னு லாசிக்ஸ் (உடம்பு நீர ஒண்ணுக்கா வெளியேத்தற மருந்து) சேத்து போடணுமா?

பழைய பழக்கம் அது, எல்லாருக்கும் ஒரு டோஸ் போட்டுருவாங்க. யோசிச்சு பாருங்க. ரத்தம் கம்மியா இருக்கற உடம்புல ஆக்சிஜன் எடுத்துட்டுப் போக ஆள் இல்ல, அதனால திசுவுல லாக்டிக் அமிலம் சேருது, அத வெளிய தள்ள குழந்தை ஆழமா மூச்சு வாங்குது. இத பாத்துட்டு "ஹார்ட் ஃபெயிலியர்"னு எழுதிருவாங்க. ஆனா இதுல நிறைய குழந்தைங்களுக்கு உண்மையில உடம்புல நீர்தான் கம்மியா இருக்கும், லாசிக்ஸ் இருக்கறதையும் வெளிய தள்ளிரும். மூச்சுத் திணறலுக்கு மருந்து அங்க ரத்தம்தான், அதும் சீக்கிரமா.

நிஜமாவே இதயம் திணறுது, கல்லீரல் பெருசாகி, நுரையீரல் அடியில கர கரன்னு சத்தம், கழுத்து நரம்பு பொடைச்சு நிக்குதுன்னா லாசிக்ஸ் உண்டு, அப்போ பேக்டு செல்லும் நல்லது.

கேள்வி: ரத்தம் வர்ற வரைக்கும் சலைன் வேகமா ஏத்தி வைக்கலாமா?

வேண்டாம். இதுக்கு பெரிய ஆதாரம் இருக்கு. கென்யா, உகாண்டா, டான்சானியாவுல காய்ச்சலோட ரத்த ஓட்டம் சரியில்லாம வந்த 3141 குழந்தைங்கள்ல நடந்த ஃபீஸ்ட் ஆய்வு, 2011-ல வெளிவந்தது. வேகமா திரவம் ஏத்தினவங்கள்ல 48 மணி நேரத்துல சாவு 10.5 சதவீதத்துக்கு மேல, ஏத்தாதவங்கள்ல 7.3 சதவீதம். அந்த குழந்தைங்கள்ல மூணுல ஒருத்தருக்கு கடுமையான ரத்தசோகை இருந்தது. ஏற்கனவே நீர்த்துப் போன ரத்தத்துல இன்னும் தண்ணிய ஊத்தினா ஆக்சிஜன் இன்னும் குறையும்னு நினைச்சுக்கோங்க.

அப்போ என்ன பண்ணலாம்? ஆக்சிஜன் அளவு குறைஞ்சா ஆக்சிஜன் குடுங்க. சர்க்கரை பாருங்க, குறைஞ்சிருந்தா 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மில்லி. அதே லைன்ல ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி நார்மல் சலைன்ல கழுவிருங்க, டெக்ஸ்ட்ரோஸும் ரத்தமும் கலக்கவே கூடாது, அணு உடைஞ்சிரும். மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி உடனே ஆரம்பிங்க, ரத்தம் வரட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல: 20 கிலோவுக்கு கீழ இருந்தா கிலோவுக்கு 3 மில்லிகிராம், மேல இருந்தா 2.4, சேந்த உடனே ஒண்ணு, 12 மணி நேரத்துல ஒண்ணு, 24 மணி நேரத்துல ஒண்ணு.

கேள்வி: ரத்த வங்கியில ரத்தமே இல்லன்னா?

இதான் எல்லா கேள்விக்கும் அடியில இருக்கற கேள்வி. உலகத்துல தானமா வர்ற ரத்தத்துல 40 சதவீதம் பணக்கார நாடுகள்ல சேருது, அங்க இருக்கறது உலக ஜனத்தொகையில 16 சதவீதம்தான். ஏழை நாடுகள்ல ஏத்தற ரத்தத்துல பாதிக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கே போகுது. அங்க ரத்தப் பற்றாக்குறைன்னா அது குழந்தைங்களோட பற்றாக்குறைன்னே அர்த்தம்.

அதனால இருக்கறத வீணாக்காம பாக்கணும். பெரியவங்க பை ஒண்ணுல 450 மில்லி வரைக்கும் இருக்கு, ஒரு குழந்தைக்கு 150 ஏத்திட்டு மிச்சத்த கீழ ஊத்தற கொடுமை இன்னும் நடக்குது. துணைப்பையோட வர்ற பையில எடுத்தா ஒரே தானத்த ரெண்டு மூணு குழந்தைக்கு சுத்தமா பிரிக்கலாம், இத ப்ளட் பேங்க்ல பேசி ஏற்பாடு பண்ணுங்க. 7, 8 ஹீமோகுளோபினோட நல்லா விளையாடற குழந்தைக்கு "எதுக்கும் ஒண்ணு ஏத்திருவோம்"னு ஏத்தறத நிறுத்தினா, அந்த பை பக்கத்து பெட்ல இருக்கற 3.5 குழந்தைக்கு கிடைக்கும். டிராக்ட் சொன்னதும் அந்த வகையிலதான் உதவும்: பை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, யாருக்குன்னு கேள்வி வந்தா, 5.2-ல அமைதியா பால் குடிக்கற குழந்தை காத்திருக்கலாம்.

கேள்வி: நான் அப்பா, என் ரத்தத்த என் குழந்தைக்கு நேரா ஏத்தலாமா? எச்ஐவி எல்லாம் வந்துருமா?

நீங்க குடுக்க வந்ததே பெரிய விஷயம், ஆனா உங்க ரத்தம் வங்கி ஸ்டாக்குக்கு போறதும், குழந்தைக்கு வேற ஒருத்தர் ரத்தம் வர்றதும்தான் பாதுகாப்பு. ரொம்ப நெருங்கின சொந்தத்தோட ரத்தத்துல இருக்கற வெள்ளணுவ குழந்தையோட உடம்பு வெளி ஆளுன்னு அடையாளம் கண்டுக்காம விட்டுரும், அபூர்வமா அது குழந்தைய தாக்க ஆரம்பிச்சிரும், அதுக்கு வைத்தியம் ரொம்ப கஷ்டம். கிருமி விஷயத்துல எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் நாலுக்கும் ஒவ்வொரு பையையும் சோதிச்சுதான் குடுக்கணும், சோதிக்காத பைய வாங்காதீங்க, யார் ரத்தமா இருந்தாலும் சரி. சோதிச்சாலும் ஆபத்து முழுசா சைபர் ஆகாது, தேவையில்லாம ஏத்தக் கூடாதுன்னு சொல்றதுக்கு அதும் ஒரு காரணம்.

கேள்வி: ஏத்தும்போது நர்ஸ் எத கவனிக்கணும்?

பேரு, குரூப், பை நம்பர் ரெண்டு பேர் சேந்து சத்தமா படிச்சு பாக்கணும், ஒரே பேருல ரெண்டு குழந்தை வார்டுல இருக்கறது சகஜம். ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து 30 நிமிஷத்துக்குள்ள ஆரம்பிக்கணும், நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். வெந்நீர்ல போட்டு சூடு பண்ணாதீங்க. முழு ரத்த பை நின்னுட்டு இருந்தா அணு எல்லாம் அடியில இறங்கியிருக்கும், மெதுவா கவுத்து கவுத்து கலந்துட்டு மாட்டுங்க. வடிகட்டி இருக்கற செட்லதான் ஏத்தணும்.

முதல் 15 நிமிஷம் மெதுவா, பக்கத்துல நின்னு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் எழுதி வைங்க, அது இல்லன்னா நடுவுல வர்ற காய்ச்சல் மலேரியாவா ரியாக்‌ஷனான்னு யாராலயும் சொல்ல முடியாது. உடம்பு நடுங்கினா, அரிப்பு தடிப்பு வந்தா, மூச்சு முட்டினா, ஒண்ணுக்கு சிவந்தா முதல்ல நிறுத்துங்க, செட்ட மாத்துங்க, சலைன்ல லைன வச்சிருங்க, அப்புறம் டாக்டர கூப்பிடுங்க. இந்த வரிசை முக்கியம், டாக்டர் வர்ற வரைக்கும் ஓட விடாதீங்க.

முடிஞ்சப்புறம் ஹீமோகுளோபின் திரும்ப பாக்கணும். இன்னும் 6-க்கு கீழ, இன்னும் மூச்சு வாங்குதுன்னா ரெண்டாவது தடவ தேவைப்படலாம். "ஒரு தடவ ஏத்தியாச்சு"ன்னு ஷீட்ட மூடிட்டு போற பழக்கத்தால பல குழந்தைங்க அடுத்த நாள் அதே 4-லயே கிடக்குது.

கேள்வி: ரொம்ப மெலிஞ்ச, ஊட்டச்சத்து குறைஞ்ச குழந்தைக்கும் இதே அளவுதானா?

இல்ல. கடுமையான ஊட்டச்சத்து குறைபாடு இருந்தா இதயம் பலவீனம், திரவம் தாங்காது. 4-க்கு கீழ இருந்தா, இல்ல 4-லருந்து 6-க்குள்ள இருந்து மூச்சுத் திணறல் இருந்தா மட்டும், கிலோவுக்கு 10 மில்லி, மூணு மணி நேரமா மெதுவா. முதல் 24 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், அதுக்கப்புறம் உணவு ஆரம்பிச்சு உடம்புல நீர் இடம் மாறற நேரத்துல ஏத்தினா ஆபத்து கூடும். லாசிக்ஸ் இங்க ஆரம்பத்துலயே உண்டு. இரும்புச்சத்து முதல் வாரத்துல கிடையாது, பசி எடுத்து எடை ஏற ஆரம்பிச்சப்புறம்தான்.

கேள்வி: சிக்கிள் செல் இருக்கற குழந்தை?

இவங்களுக்கு வழக்கமான ஹீமோகுளோபினே 7, 8னு இருக்கும், அதனால அவங்க வழக்கத்துலருந்து எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாக்கணும். மண்ணீரல் திடீர்னு வீங்கி ரத்தத்த உள்ள இழுத்துக்கறது சில மணி நேரத்துல உயிர எடுத்துரும், அதுக்கு உடனே ரத்தம். ரொம்ப அதிகமா ஏத்தி 10-க்கு மேல கொண்டு போகாதீங்க, ரத்தம் கெட்டியாகிரும். அடிக்கடி ஏத்தறவங்களுக்கு இரும்பு உடம்புல சேந்துட்டே இருக்கும், டானிக் தானா எழுதிக் குடுக்காதீங்க, ஃபோலிக் ஆசிட் போதும். ஹைட்ராக்ஸியூரியாங்கற மருந்து குடுத்தா ரத்தம் ஏத்த வேண்டிய தேவையே குறையுதுன்னு அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டாவுல நடந்த ரீச் ஆய்வு காட்டியிருக்கு, மலேரியாவும் சாவும் கூட குறைஞ்சது. அத நம்ம குழந்தைக்கு கிடைக்க வைக்கறதுதான் அடுத்த வேலை.

கேள்வி: இரும்புச்சத்து மருந்து எப்போ ஆரம்பிக்கணும்?

அவசர நேரத்துல இல்ல, அது அந்த நேரத்துல வேலை செய்யாது. காய்ச்சல் தணிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சப்புறம், பெரும்பாலும் வீட்டுக்கு போறப்ப, மூணு மாசம் குடுக்கறோம். மலம் கறுப்பா போகும், பயப்பட வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா அத பாத்து நிறுத்திருவாங்க. பாலோட சேத்து குடுக்காதீங்க. மலேரியா அதிகமா இருக்கற இடத்துல மலேரியாவ கட்டுப்படுத்தற ஏற்பாடு இல்லாம எல்லா குழந்தைக்கும் இரும்புச்சத்த அள்ளிக் குடுத்தா ஆபத்துன்னு டான்சானியாவோட பெம்பா தீவுல நடந்த ஆய்வு 2006-ல காட்டுச்சு, அட்மிஷனும் சாவும் கூடிச்சு. அதனால கொசுவலையும் மலேரியா வைத்தியமும் சேந்துதான் இரும்புச்சத்து.

டிஸ்சார்ஜ்ல பல வைட்டமின் கலவையோ, மூணு மாசம் கோட்ரைமாக்ஸசோல்ங்கற ஆன்டிபயாட்டிக்கோ சேத்துக் குடுத்தா சாவு குறையுமான்னும் டிராக்ட்ல பாத்தாங்க. ஆறு மாச சாவுல வித்தியாசம் இல்ல. அந்த காச வேற எதுலயாவது போடலாம்.

கேள்வி: வீட்டுக்கு போனப்புறம் என்ன ஆகும்? நல்லாகிட்டாங்கல்ல?

இந்த கேள்விக்குதான் நான் ரொம்ப நேரம் எடுத்துப்பேன். மேல சொன்ன 1565 குழந்தைங்க கணக்க திரும்ப பாருங்க. 28 நாள்ல இறந்தது ரெண்டு பக்கமும் சேத்து 20 பேர். ஆறு மாசத்துல அது 82 ஆச்சு. அதாவது நாலுல மூணு சாவு, முதல் மாசம் தாண்டினப்புறம், பெரும்பாலும் நம்ம கண்ணுல படாத இடத்துல. உடனே ஏத்தலாமா வேண்டாமான்னு வருஷக்கணக்கா வாதாடினோம், சாவுல பெரும்பகுதி அதுக்கு அப்புறம்தான் வந்தது.

இதுக்கு செய்யக்கூடியது இருக்கு. மலேரியா அதிகமா இருக்கற கென்யாவுலயும் உகாண்டாவுலயும், கடுமையான ரத்தசோகையில இருந்து தேறி வீட்டுக்கு போற 1049 சின்ன குழந்தைங்கள்ல, டிஸ்சார்ஜ்லருந்து 2, 6, 10-வது வாரம் மூணு தடவ டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்-பைப்பராகுயின்ங்கற மலேரியா மாத்திரை குடுத்து பாத்தாங்க. 2020-ல முடிவு வந்தது. மருந்தோட காவல் இருந்த அந்த சில வாரத்துல சாவோ திரும்ப அட்மிஷனோ 70 சதவீதம் குறைஞ்சது. 2022-ல உலக சுகாதார நிறுவனம் இத பரிந்துரையா சேத்தாச்சு. மலேரியா இல்லாத இடத்துக்கு இது பொருந்தாது, ஆனா மலேரியா இருக்கற இடத்துல மாத்திரைய டிஸ்சார்ஜ் அன்னைக்கே கைல குடுத்து அனுப்பணும், திரும்ப வந்து வாங்கிக்கோங்கன்னா பஸ்ஸுக்கு காசு இல்லாதவங்க வர மாட்டாங்க.

ஆர்ட்டிசுனேட் ஊசி வாங்கின குழந்தைக்கு இன்னொண்ணு: ஒரு வாரத்துக்கு அப்புறம், சில சமயம் நாலு வாரம் வரைக்கும், தாமதமா ரத்த அணு உடையலாம். மருந்து கிருமிய அணுவுக்குள்ளயே கொன்னுருது, மண்ணீரல் செத்த கிருமிய மட்டும் பிடுங்கிட்டு அணுவ திரும்ப விடுது, அந்த அணுங்க ஆயுசு குறைஞ்சு ஒரே நேரத்துல செத்துப் போகுது. மருந்து நல்ல மருந்துதான், அதுக்காக அத தவிர்க்க கூடாது, ஹீமோகுளோபின திரும்ப பாத்தா போதும்.

கேள்வி: டிஸ்சார்ஜ் சீட்டுல என்ன எழுதி அனுப்பறது?

கடைசி ஹீமோகுளோபின் நம்பர், என்னைக்கு எடுத்தது, எத்தன மில்லி ரத்தம் ஏத்துனோம், ரத்த குரூப், என்ன காரணம்னு நினைச்சோம், எது டெஸ்ட் பண்ண முடியல. இந்த கடைசி விஷயத்த யாரும் எழுதறதில்ல, ஆனா அடுத்து பாக்கற டாக்டருக்கு அதான் வழி காட்டும். ஒரு வாரத்துலயும் ஒரு மாசத்துலயும் ஹீமோகுளோபின் பாக்க தேதி போட்டு குடுங்க, தூரத்துல இருக்கறவங்களுக்கு அவங்க ஊர் பக்கத்து சுகாதார நிலையத்துல பாக்கற மாதிரி எழுதுங்க. அம்மா அப்பாவுக்கு படிக்கத் தெரியலன்னா சீட்டுல இருக்கறத வாயால சொல்லி, அவங்க வாயால திரும்பச் சொல்ல வச்சு கேட்டுக்கோங்க: திரும்ப வெளுத்தா, காய்ச்சல் வந்தா, ஒண்ணுக்கு கறுத்தா, பால் குடிக்கலன்னா, குறிச்ச தேதி வரட்டும்னு இல்லாம அன்னைக்கே கொண்டு வரணும்னு.